பெயர் அறியாதவர்களுக்காக மலை ஏறியவர்கள்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், நவம்பர் மாத முதல் ஞாயிறு மாலை இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'அயலார் பணி' என்னும் தலைப்பில் பேச வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இத்தலைப்பில் உபதேசம் செய்ய நம் தந்தை அவர்கள் இருக்கிறார்கள். நானோ முப்பது ஆண்டுகள் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். எனக்கு மலையும் ஆறும் காற்றும்தான் தெரியும். ஆகவே ஒரு மலையைப் பற்றியும், அதன்மேல் மோதி நொறுங்கிய இரண்டு இந்திய விமானங்களைப் பற்றியும் சொல்லுகிறேன். அயலார் பணி என்பது என்ன என்று அந்த மலையே நமக்குச் சொல்லும்.

பிரான்சு நாட்டையும் இத்தாலியையும் பிரிக்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரிலே மோன் பிளாங் என்று ஒரு சிகரம் உண்டு. வெள்ளை மலை என்பது அதன் பொருள். உயரம் சுமார் 4,800 மீட்டர். ஆண்டு முழுவதும் அதன் தலையில் பனி உறைந்து கிடக்கும். அதன் வடக்கு அடிவாரத்தில் சாமோனி என்னும் சிற்றூர் இருக்கிறது. நம் ஊரில் கடலுக்குப் போவது எப்படித் தலைமுறைத் தொழிலோ, அப்படி அவ்வூரில் மலைக்கு வழிகாட்டுவது தலைமுறைத் தொழில். கடல் எப்போது சீறும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரிவதுபோல, மலை எப்போது சீறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

1950-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி. இறந்தோர் அனைவரின் நினைவு நாளுக்கு மறுநாள். பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டன் செல்லும் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஜெனீவாவை நெருங்கிக்கொண்டிருந்தது. 'மலபார் பிரின்சஸ்' என்பது அதன் பெயர். நான்கு விசிறி இயந்திரங்கள் பூட்டிய கான்ஸ்டலேஷன் வகை விமானம். 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி நம் நாட்டிலிருந்து இலண்டனுக்கு முதல் விமானச் சேவை தொடங்கியபோது, அந்த முதல் பயணத்தை மேற்கொண்டதும் இதே விமானந்தான். சுதந்திர இந்தியாவின் பெருமையாக எண்ணப்பட்ட விமானம் அது.

அன்று அதில் இருந்தவர்கள் 48 பேர். விமானப் பணியாளர் 8 பேர், பயணிகள் 40 பேர். அந்தப் பயணிகள் யார் தெரியுமா? பிரபுக்கள் அல்லர், வியாபாரிகள் அல்லர். இங்கிலாந்திலே ஒரு கப்பலில் வேலைக்குச் சேருவதற்காகச் சென்றுகொண்டிருந்த இந்திய மாலுமிகள். கப்பலுக்கு ஆள் அனுப்பிய ஊர் நம் ஊர். கப்பலுக்குப் போனவனுடைய தாயும் மனைவியும் தபால்காரன் முகத்தை எப்படிப் பார்த்து நிற்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மலைமேல் புயல். மேகம் சிகரத்தை முழுவதும் மூடியிருந்தது. விமானி கடைசியாகத் தெரிவித்த உயரம் 4,700 மீட்டர். மலையின் உயரமோ 4,800 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இன்னும் ஓர் இருநூறு மீட்டர் மேலே பறந்திருந்தால், கீழே ஒரு மலை இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரிந்திராது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்கள் தவறாகக் கணித்திருந்தார்கள். மேகத்துக்குள் மலையும் வெள்ளை, மேகமும் வெள்ளை. சிகரத்துக்குச் சற்றுக் கீழே விமானம் பாறையில் மோதியது. 48 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆனால் ஒருவரும் பிழைக்கவில்லை என்பது அன்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான், தேடிச் சென்ற விமானமொன்றின் கண்ணில் சிதைவுகள் பட்டன. சாமோனி ஊரார் என்ன செய்தார்கள்? நவம்பர் மாதம் அந்த மலையில் ஏறும் காலம் அன்று. புதிய பனி கனமாக விழுந்து, பழைய பனியோடு ஒட்டாமல் நிற்கும். ஓர் ஆள் காலடி வைத்தாலே சரிந்து வரும். இது வழிகாட்டிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே ஏறினார்கள். அவர்களுள் ரெனே பாயோ என்பவர் ஒருவர். பேர்பெற்ற வழிகாட்டி. மலையேற்றம் பயில்வோருக்கு ஆசானாக இருந்தவர். மீட்புக் குழுவின் முன்னே சென்ற அவரைப் பனிச்சரிவு ஒன்று அடித்துக்கொண்டு போயிற்று. அவர் உயிரோடு திரும்பவில்லை.

அதன்பின் தேடுதலை நிறுத்தும்படி பொறுப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்களின் பிள்ளைகளை மேலே அனுப்பும் பொறுப்பு அவர்கள் தலையில் இருந்தது. ஒருவரை இழந்த பிறகு இன்னொருவரை இழக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எனினும் மலையின் மறுபக்கத்தில் உள்ள சேன் ஜெர்வே என்னும் ஊரைச் சேர்ந்த சில வழிகாட்டிகள் தாங்களாகவே ஏறினார்கள். சிதைவுகள் கிடந்த இடத்தை அடைந்தார்கள். அங்கே உயிர் என்று ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த செய்தி அதுதான்: இனி யாரும் காத்திருக்க வேண்டாம்.

இப்போது இளைஞர்கள் என்னை ஒரு கேள்வி கேட்கலாம். "சார், இறந்துபோன 48 பேருக்காக உயிரோடிருந்த ஒருவர் இறந்தாரே, இதனால் என்ன பயன்? கணக்குப் பார்த்தால் நஷ்டந்தானே?"

நியாயமான கேள்விதான். இதற்கு என் பதில் இரண்டு.

முதலாவது: பாயோ இறந்தவர்களுக்காக ஏறவில்லை. உயிரோடு இருக்கக்கூடியவர்களுக்காக ஏறினார். எல்லாரும் செத்திருப்பார்கள் என்று அடிவாரத்தில் அடுப்பங்கரையில் குளிர்காய்ந்துகொண்டு தீர்மானிப்பது எளிது. ஆனால் அப்படித் தீர்மானிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்? நம் ஊரில் ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் என்ன செய்கிறோம்? கணக்குப் போட்டுப் பார்த்தா கடலில் இறங்குகிறோம்? 'இருப்பான்' என்று எண்ணித்தானே இறங்குகிறோம்! இல்லை என்று உறுதியாகும்வரை இருக்கிறான் என்றே வைத்துத் தேடுவதுதான் மனிதத்தன்மை.

இரண்டாவது: போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'இல்லை' என்று சொல்வதும் ஒரு பணி. தூர தேசத்தில் 48 குடும்பங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. செய்தி தெரியாமல் காத்திருப்பது, சாவுச் செய்தியைக் காட்டிலும் கொடியது. கடலோரத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வழிகாட்டிகளுக்கும் இந்த மாலுமிகளுக்கும் என்ன உறவு? மொழி வேறு, நிறம் வேறு, நாடு வேறு. அவர்களுள் யாருடைய பெயரும் சாமோனியில் எவருக்கும் தெரியாது. 'விமானத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற ஒன்றுதான் தெரியும். அது போதுமானதாக இருந்தது. இந்த நிகழ்ச்சி ஐரோப்பாவையே உலுக்கிற்று. ஆன்றி த்ருவாயா என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இதிலிருந்து கரு எடுத்து ஒரு நாவல் எழுதினார். 1956-இல் அது ஹாலிவுட்டில் திரைப்படமாகவும் வந்தது. அதிலே அண்ணன் தம்பி இருவர் விழுந்த விமானத்தைத் தேடி ஏறுவார்கள். ஒருவன் மனம் உயிரைக் காப்பாற்றுவதில் இருக்கும், மற்றவன் மனம் பிணங்களிடம் கொள்ளையடிப்பதில் இருக்கும். கற்பனைதான். ஆனால் விபத்து நடந்த இடத்துக்குப் போகும் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் அந்த அண்ணனும் தம்பியும் கூடவே போகிறார்கள் என்பது உண்மை.

ஆண்டுகள் பதினைந்து கழிந்தன.

1966-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நம் நாட்டுக்குச் சோகமான மாதம். 11-ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். 24-ஆம் தேதி திருமதி இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். அதே 24-ஆம் தேதி காலை, பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற மற்றோர் ஏர் இந்தியா விமானம் ஜெனீவாவில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது. இது ஜெட் விமானம், போயிங் 707. பெயர் 'காஞ்சன்ஜங்கா'. ஒரு மலையின் பெயர் தாங்கிய விமானம், மற்றொரு மலையின்மேல் மோதப் போகிறது. அதில் 117 பேர். இந்திய அணுசக்தித் துறையின் தந்தை எனப்படும் டாக்டர் ஹோமி பாபா அவர்களுள் ஒருவர். வியன்னாவில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். வயது 56.

அதே மோன் பிளாங். முன்னது மோதிய இடத்துக்கு அருகிலேயே இதுவும் மோதியது. 117 பேரும் மாண்டனர்.

எப்படி நடந்தது? சதி என்றும் வெடிகுண்டு என்றும் இன்றுவரை சொல்லுகிறவர்கள் உண்டு. பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் அப்படிப்பட்ட வதந்தி எழுவது இயல்பு. ஆனால் பிரெஞ்சு விசாரணைக் குழு ஆராய்ந்து சொன்னது வேறு. விமானத்தில் திசையும் இடமும் காட்டும் வானொலிக் கருவிகள் இரண்டில் ஒன்று பழுதாகியிருந்தது. அதனால் மலையைத் தாண்டிவிட்டதாக விமானி நினைத்தார். தரையில் ராடார் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளருக்கு, விமானம் இன்னும் தாண்டவில்லை என்று தெரிந்தது. மலைக்கு இன்னும் ஐந்து மைல் இருக்கிறது என்ற கருத்தில் அவர் வானொலியில் சொன்னார். அது விமானியின் காதில் விழுந்தது, ஆனால் கருத்தில் ஏறவில்லை. தாண்டிவிட்டோம் என்ற எண்ணத்திலேயே அவர் தொடர்ந்து இறங்கினார்.

பாருங்கள், சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர் அசட்டையாக இருக்கவில்லை. இருவரும் திறமைசாலிகள். ஒருவர் மனத்தில் இருந்த படம் வேறு, மற்றவர் மனத்தில் இருந்த படம் வேறு. 'நான் சொன்னது உனக்கு எப்படி விளங்கிற்று?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் 117 உயிர்கள் தப்பியிருக்கலாம். எச்சரிப்பதோடு அயலார் பணி முடிந்துவிடுவதில்லை. எச்சரிக்கை அவனுக்கு விளங்கிற்றா என்று பார்ப்பதும் அதில் அடங்கும். குடும்பத்திலும் சபைகளிலும், 'நான்தான் அன்றைக்கே சொன்னேனே' என்று எத்தனை முறை சொல்லுகிறோம்! சொன்னோம், சரி. விளங்க வைத்தோமா?

இந்த விபத்துகள் முற்றிலும் வீணாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலைகளில் இப்படி நடந்த பல விபத்துகளுக்குப் பிறகு, தரை நெருங்கினால் விமானிக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி வந்தது. 1970-களில் அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கிற்று. இன்று உலகில் எங்கு பறக்கும் பெரிய பயணிகள் விமானத்திலும் அது இருக்கிறது.

இனி, பூகோள வாத்தியார் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

மலை உச்சியில் விழும் பனி அங்கேயே கிடப்பதில்லை. ஆண்டுக்காண்டு மேலே விழும் பனி கீழே உள்ளதை அழுத்த, அது கெட்டியான நீலப் பனிக்கட்டியாகிறது. அந்தக் கட்டி தன் பாரத்தாலேயே, கண்ணுக்குத் தெரியாத மெதுவில், ஆறுபோல் கீழே நகருகிறது. அதைத்தான் பனியாறு என்கிறோம். மோன் பிளாங் உச்சியிலிருந்து சாமோனியை நோக்கி இறங்கும் பனியாற்றுக்குப் போசோன் என்று பெயர். உச்சியில் அதனுள் புதைந்த பொருள், மூவாயிரம் மீட்டர் இறங்கி, முப்பது நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அடிவாரத்தில் வெளிப்படும். மலை எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறது. இப்போது பூமி சூடேறிப் பனியாறுகள் சுருங்குவதால், இன்னும் விரைவாகக் கொடுக்கிறது.

1978-ஆம் ஆண்டு அப்படி வெளிப்பட்டது மலபார் பிரின்சஸின் தபால். இருபத்தெட்டு ஆண்டுகள் பனிக்குள் பயணம் செய்த கடிதங்கள் ஐம்பதுக்கு மேல். அவற்றைக் கண்டெடுத்தவர் ஒரு பிரெஞ்சுக் காவலர். பழங்குப்பை என்று விட்டுவிடவில்லை. பெரும்பாலான கடிதங்கள் மேலே எழுதியிருந்த விலாசங்களுக்கு அனுப்பப்பட்டன. தபால் தாமதம் என்று நாம் குறைப்படுகிறோம். இதுவல்லவா தாமதம்! ஆயினும் தபால் தபால்தானே, உரியவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று எண்ணினார்களே, அதுதான் பெரிது.

2012-ஆம் ஆண்டு காஞ்சன்ஜங்காவில் சென்ற இந்திய அரசின் தபால் பை ஒன்று அகப்பட்டது. அது இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு, மலையடிவாரத்தில் சிற்றுண்டிக் கடை நடத்தும் ஒருவர் 1966-ஆம் ஆண்டின் இந்தியச் செய்தித்தாள்களைக் கண்டெடுத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினார். இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி அதில் அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும்விட ஒன்று. 2013-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் தனியாக அந்தப் பக்கம் ஏறியபோது, பனியில் ஒரு சிறு பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் மரகதம், மாணிக்கம், நீலம்! இந்தியாவில் செய்தது என்ற எழுத்தும் அதில் இருந்தது. காஞ்சன்ஜங்காவிலிருந்து வந்தது என்று கருதப்படுகிறது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தால் கேட்பார் யார்? அவரோ கீழே இறங்கி நேரே காவல் நிலையம் சென்று ஒப்படைத்தார். தம் பெயரை வெளியிடவும் அவர் விரும்பவில்லை. உரியவர்களைத் தேடினார்கள். எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிறகு 2021-ஆம் ஆண்டு, சட்டப்படி அந்தக் கற்களைச் சாமோனி நகராட்சிக்கும் அந்த இளைஞருக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்கின் மதிப்பு ஏறத்தாழ 1,50,000 யூரோ. ஆனால் ஒப்படைத்த நாளில், தமக்கு ஒரு கல்லாவது கிடைக்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை. அந்த நாளைத்தான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அன்பர்களே, நாவலில் வந்த அந்தத் தம்பி ஏன் மலை ஏறினான், இந்த இளைஞர் ஏன் காவல் நிலையம் போனார்? இறந்தவனுக்கும் உரிமை உண்டு என்று ஒருவர் நினைத்தார். இறந்தவனுக்கு என்ன உரிமை என்று மற்றவன் நினைத்தான். வேற்றுமை அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இது பொன்விழா ஆண்டு. கோவில் முகப்பில் கல் பதிக்கப் போகிறோம். மணி கொடுத்தவர், தரை போட்டவர், சுற்றுச்சுவர் கட்டியவர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்படும். நல்லது, பொறிக்கட்டும். ஆனால் நம் கல்லறைத் தோட்டத்தின் கடற்கரைப் பக்கத்து மூலையில் சில குழிகள் இருக்கின்றன. கடல் கொண்டுவந்து போட்ட உடல்கள். எந்த ஊர், எந்த மதம், யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல், நம் முன்னோர் மணலிலிருந்து தூக்கிவந்து, துணி போர்த்தி, மரியாதையோடு அடக்கம் செய்தவர்கள். முன்பு அங்கே மரச் சிலுவைகள் இருந்தன. உப்புக் காற்றில் அவை போய்விட்டன. இன்று சிறுவர்கள் அந்த மேடுகளின்மேல் பந்து விளையாடுகிறார்கள்.

ஹோமி பாபாவை நாடு மறக்கவில்லை. மும்பையில் அவர் பெயரால் பெரிய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அது அவருக்குத் தகும். ஆனால் மலபார் பிரின்சஸில் போன 40 மாலுமிகளின் பெயரை நம்மில் யார் அறிவோம்? அவர்களுக்காகவும் ஒருவர் மலை ஏறினார், உயிரையும் கொடுத்தார். பெயர் தெரிந்தவனுக்குச் செய்வது உறவு. பெயர் தெரியாதவனுக்குச் செய்வதுதான் அயலார் பணி.

ஆகவே இளைஞர் மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று: இந்த மாதம் முடிவதற்குள் அந்த மூலையைச் சுத்தம் செய்து, சுற்றிலும் முழங்கால் உயரச் சுவர் ஒன்று எழுப்புங்கள். கல்லும் மணலும் நானும் சுமக்கிறேன். வயதாயிற்று, மெதுவாகச் சுமப்பேன். இரண்டு: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஆண்டு, எந்தக் காற்றில், எந்தத் துறையில் ஒதுங்கிய உடல், என்ன உடுத்தியிருந்தார், கையில் என்ன இருந்தது என்று நினைவில் உள்ளதையெல்லாம் எழுதி வையுங்கள். என்றைக்காவது எங்கோ ஒரு கரையிலிருந்து ஒரு மகனோ பேத்தியோ தேடிவந்து கேட்டால், 'ஆம், இங்கேதான் இருக்கிறார், வாருங்கள்' என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட நம் பங்கால் முடிய வேண்டும். கேட்க யாரும் வராவிட்டாலும் அந்த நோட்டு இருக்க வேண்டும்.

பனியாறே ஐம்பது ஆண்டு கழித்துக் கணக்கு ஒப்படைக்கிறது. பொன்விழாக் காணும் பங்கு ஒப்படைக்க வேண்டாமா?

 இறந்த ஆன்மாக்கள், பெயர் அறிந்தோரும் அறியாதோரும், இறைவனில் இளைப்பாறுவார்களாக.